தக்காளியில் வெள்ளை ஓடிய இலைகள்: மலையகத்தில் வீட்டுத்தோட்டம் செய்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, வெலிமடைப் பக்கங்களில் வீட்டு முற்றத்திலும் லயத்துக்குப் பின்னால் இருக்கும் துண்டு நிலத்திலும் தக்காளி வைப்பவர்கள் ஏராளம். எப்போதாவது ஒரு செடியில் இலை பாதி பச்சையும் பாதி வெள்ளையுமாக வந்துவிடும். உடனே கேள்விகள் கிளம்பும். என்ன வருத்தம் என்றால், பெரும்பாலும் செடியைப் பிடுங்கி எறிந்த பிறகுதான் கேட்கிறார்கள். பிடுங்குவதற்கு முன் இலையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தாலே எது நோய், எது விகாரம் (கலத்தின் பரம்பரைச் செய்தியில் தானாக வரும் மாற்றம்) என்று பெரும்பாலும் பிடிபட்டுவிடும். அதற்காகத்தான் இந்தப் பதில்கள்.

ஒரு கிளையில் மட்டும் இலைகள் பச்சையும் வெள்ளையுமாக இருக்கின்றன. பக்கத்து வீட்டு அக்கா நோய் என்கிறார், பிடுங்கச் சொல்கிறார். பிடுங்கவா?

பொறுங்கள், வேண்டாம். ஒரே ஒரு கிளையில், வெட்டினாற்போல் கோடு பிரிந்து வெள்ளை வந்திருக்கிறது, மற்றக் கிளைகள் நன்றாக இருக்கின்றன என்றால் அது அநேகமாக நோயாக இருக்காது. அந்தக் கிளை உருவான இடத்தில் ஏதோ ஒரு கலத்தில் விகாரம் ஏற்பட்டு, அந்தக் கலத்தின் வழி வந்தவை எல்லாம் பச்சையம் இல்லாமல் வளர்ந்திருக்கும்.

அக்கா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வைரஸ் பிடித்த செடியை விட்டுவைத்தால் பாத்தி முழுக்கப் பரவிவிடும். அதனால் சந்தேகம் தீரும்வரை அந்தச் செடியைத் தொடாதீர்கள். குருத்துக் கிள்ளுவது, கட்டுவது எல்லாவற்றையும் மற்றச் செடிகளில் முடித்துவிட்டுக் கடைசியாக அதனிடம் போங்கள். இரண்டு கிழமையில் விடை தெரிந்துவிடும்.

நோயா விகாரமா என்று இலையைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது?

காலையில், பனிமூட்டம் விலகிய பிறகு, ஓர் இலையைச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். முதலில் எல்லைக் கோடு. விகாரத்தால் வந்த வெள்ளையில் கோடு கூர்மையாக இருக்கும். நடு நரம்பில் தொடங்கி ஓரம்வரை ஆப்பு வடிவத்தில் ஓடும், அல்லது சிற்றிலையின் ஒரு பாதியை அப்படியே எடுத்துக்கொள்ளும். இன்னும் உற்றுப் பார்த்தால் வெள்ளைக்கும் பச்சைக்கும் நடுவில் சாம்பல் கலந்த ஒரு வெளிர்பச்சையும் தெரியும். இலைக்குள் ஒரு படை வெள்ளையாகவும் அதற்குக் கீழே இன்னொரு படை பச்சையாகவும் இருக்கும் இடம் அது. பாதி வெள்ளையான சிற்றிலை வெள்ளைப் பக்கமாகவே வளைந்திருக்கும். வெள்ளைப் பாதி குறைவாக வளர்வதால், பச்சைப் பாதி அதை வளைத்துவிடுகிறது.

இரண்டாவது, இரு பக்கமும் ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். சத்துக்குறைவு இலையின் இரு பாதியையும் ஒரே மாதிரித்தான் பாதிக்கும். மக்னீசியம் குறைந்தால் அடியிலுள்ள முதிர்ந்த இலைகளில் நரம்பு பச்சையாக நிற்க, இடைப்பகுதி மஞ்சளாகும். இரும்பு குறைந்தால் நுனிக் குருத்தில் அதே கோலம் தெரியும். தேயிலை நிலம் அமிலத்தன்மை கூடியது. தேயிலைக்கு அது பிடிக்கும், தக்காளிக்குப் பிடிக்காது. அப்படிப்பட்ட மண்ணில் மக்னீசியக் குறைவு சகஜம். டொலமைட் சுண்ணாம்பு போட்டு மண்ணைச் சரிசெய்தால் புதிதாக வரும் இலைகள் தேறும். இலை ஒரு பக்கமாக, தாறுமாறாக வெளுத்திருந்தால் பசளைப் பையைத் தேடிப் போக வேண்டியதில்லை.

மூன்றாவதுதான் என் கணக்கில் மிக நம்பகமான சோதனை. வெள்ளை ஓடிய ஓர் இலைக்காம்பில் நூல் ஒன்றைக் கட்டிவிடுங்கள். பத்து நாள் கழித்து அதே இலையைப் பாருங்கள். விகார வெள்ளை இலையோடு பிறந்தது. இலை பெரிதாகும்போது கோலமும் சேர்ந்து பெரிதாகும், ஆனால் புதிய இடத்துக்குப் பரவாது. நோய் என்றால் பரவும், பழுப்பாகும், ஓட்டை விழும், சுருளும். கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்துவைத்தால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னும் வசதி.

எந்த வைரஸ் நோய்களை இதோடு குழப்பிக்கொள்ள வாய்ப்பு அதிகம்?

முக்கியமானது மொசைக். இளம்பச்சையும் கரும்பச்சையும் திட்டுத்திட்டாகக் கலங்கியிருக்கும், எல்லை மங்கலாக இருக்கும், இலை மேடுபள்ளமாகச் சுருங்கும். சிலவேளை இலை ஒடுங்கி நூல் போலாகிவிடும். புதிதாக வரும் ஒவ்வோர் இலையிலும் இது தெரியும். அடுத்தது மஞ்சள் இலைச்சுருள் நோய். இலை ஓரம் மஞ்சளாகி மேல்நோக்கிக் கிண்ணம் போல் மடங்கும், செடி குட்டையாகிவிடும், இலைக்கு அடியில் வெள்ளை ஈ இருக்கும்.

மொசைக் பரவுவது பெரும்பாலும் கையால்தான். வெற்றிலையோடு புகையிலை போடுபவர்களும் சுருட்டு, பீடி, சிகரட் பிடிப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். புகையிலை மொசைக் வைரஸ் பதப்படுத்திய காய்ந்த புகையிலையிலும் சாகாமல் இருக்கும். நாற்றுக்குக் கை வைக்குமுன் சவர்க்காரம் போட்டுக் கழுவிக்கொள்ளுங்கள். பெரியவர்களிடம் இதைச் சொன்னால் கோபிப்பார்கள், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

தேயிலை மலையில் களைக்கு மருந்தடித்தார்கள். அதற்குப் பிறகுதான் தக்காளிக் குருத்து வெளுத்தது. தொடர்பிருக்குமா?

இருக்கும். மலையகத்தில் நான் முதலில் சந்தேகப்படுவதே இதைத்தான். கிளைபொசேட் என்ற களைக்கொல்லியின் தூறல் காற்றில் வந்து தக்காளியில் பட்டால், புதிய சிற்றிலைகளின் அடிப்பாகம், அதாவது காம்பை ஒட்டிய பகுதி, மஞ்சளாகவோ வெள்ளையாகவோ மாறும். நுனி பச்சையாகவே இருக்கும். ஒரே சமயத்தில் பல செடிகளில், எல்லாக் குருத்திலும், காற்று வந்த பக்கத்தில் கூடுதலாகத் தெரியும். விகாரம் இப்படிக் கூட்டமாக வராது. பத்துச் செடி ஒரே கிழமையில் வெளுத்தால் அதற்கு வெளிக்காரணம் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இலங்கையில் கிளைபொசேட்டை 2015இல் தடைசெய்தார்கள். 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தளர்த்தினார்கள், 2022இல் தடையையே நீக்கினார்கள். தேயிலை மலையில் களைக்கு மருந்தடிப்பதால், மற்ற மரக்கறிப் பாத்தியைவிடத் தேயிலை ஓரத்துப் பாத்தியில்தான் இந்தத் தொல்லை வர வாய்ப்பு அதிகம். லேசாகப் பட்ட செடி சில கிழமைகளில் தேறிவிடும். பலமாகப் பட்டது தேறாது. மருந்தடிக்கும் நாளை முன்கூட்டியே சொல்லும்படி கேட்டு, அன்று பாத்தியைச் சாக்கால் மூடிவைப்பது நல்லது.

குளிரால் வெளுக்குமா?

வெளுக்கும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் அங்கே உறைபனி விழுவதும் உண்டு. தக்காளி வெப்பநாட்டுப் பயிர், கடுங்குளிரில் அதனால் பச்சையத்தைச் சரியாக உண்டாக்க முடியாது. அப்போது விரிந்த குருத்து வெளிறி வரும். வெயில் வந்ததும் அடுத்த இலைகள் பச்சையாகிவிடும். பொலித்தீன் கூடாரத்திலிருந்து திடீரென்று வெளியே எடுத்துவைத்த நாற்றில் காகிதம் போல் வெள்ளைத் திட்டு வந்தால், அது வெயில் சுட்டது.

சரி, விகாரம்தான் என்று வைத்துக்கொள்வோம். அது ஏன் தானாக வருகிறது? யாராவது ஏதாவது செய்ததாலா?

யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. தக்காளியின் ஒவ்வொரு கலத்திலும் பரம்பரைச் செய்தியைச் சுமக்கும் நிறமூர்த்தங்கள் 12 சோடி இருக்கின்றன. 2012இல் அதன் மரபுத்தொகுதியை, அதாவது அந்தச் செய்தித் தொகுப்பை, வாசித்து வெளியிட்டார்கள்: ஏறத்தாழ 90 கோடி டி.என்.ஏ. எழுத்து, அதில் குணங்களைத் தீர்மானிக்கும் பரம்பரையலகுகள் 35,000 அளவில். கலம் இரண்டாகப் பிரியும் ஒவ்வொரு தடவையும் இவ்வளவையும் பிரதி எடுத்தாக வேண்டும். செக்றோல் பதிவேட்டைப் பார்த்துக் கையால் எழுதும் கணக்கப்பிள்ளை எவ்வளவு கவனமானவராக இருந்தாலும் என்றைக்காவது ஓர் எழுத்து மாறும். கலத்துக்குள் பிழை திருத்தும் ஏற்பாடு உண்டு, ஆனாலும் ஒன்றிரண்டு தப்பிவிடும். பெற்றோர் செடியில் இல்லாத சில புதிய மாற்றங்களோடுதான் ஒவ்வொரு விதையும் பிறக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை கண்ணுக்குத் தெரியவே தெரியாது. பச்சையத்தைக் கெடுக்கும் மாற்றம் மட்டும் உடனே இலையில் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

கலத்துக்குள் பச்சையத்தை வைத்திருக்கும் சிறு உறுப்பான பச்சையவுருமணிக்கும் தனியாக டி.என்.ஏ. உண்டு. விகாரம் நிறமூர்த்தத்திலும் வரலாம், பச்சையவுருமணியிலும் வரலாம். விதை விஷயத்தில் இந்த வேறுபாடு பெரிதாக உதவும், கீழே சொல்கிறேன்.

மலையில் வெயில் உறைப்பு, யூரியா, கிணற்றுத் தண்ணீர் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ஒரு தனிச் செடியின் ஒரு கிளையைப் பார்த்து அப்படி எதையும் முடிவு செய்ய முடியாது. யூரியா இலையைக் கரும்பச்சை ஆக்கும், விகாரத்தை உண்டாக்காது.

ஏன் ஒரு கிளை மட்டும் இப்படி? ஏன் சில இலைகளில் ஓரம் மட்டும் வெள்ளை?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. குருத்தின் நுனியில், கண்ணுக்குத் தெரியாத அளவில், பிரியிழையம் இருக்கிறது; புதிய கலங்கள் பிரிந்து பெருகும் இடம் அது. அதில் கலங்கள் மூன்று படைகளாக அடுக்கியிருக்கும். முதல் படை இலையின் மேல்தோலாகும். இரண்டாம் படை தோலுக்குக் கீழுள்ள பச்சைப் பகுதியையும் இலையின் ஓரத்தையும் தரும். மகரந்தமும் சூலும் வருவதும் இதிலிருந்துதான். மூன்றாம் படை உள்பகுதியையும் நரம்பையும் தரும்.

இரண்டாம் படை முழுவதும் வெள்ளையாகி மூன்றாவது பச்சையாக இருந்தால், இலையின் நடு பச்சையாகவும் ஓரம் வெள்ளைக்கரை போட்டதாகவும் வரும். மூன்றாம் படை வெள்ளையானால் நடு வெளுத்து ஓரம் பச்சையாக நிற்கும். முதல் படையில் விகாரம் வந்தால் பெரும்பாலும் நமக்குத் தெரியாது. மேல்தோலில் இலைவாயை (இலை மூச்சுவிடும் துளையை) காக்கும் கலங்களைத் தவிர மற்றவற்றில் பச்சையம் பெரிதாக இல்லை. ஒரு படையில் ஒரு துண்டு மட்டும் மாறியிருந்தால் தண்டின் ஒரு பக்கத்தில் மட்டும் வெள்ளைக்கோடு ஓடும், அந்தப் பக்கத்து இலைகள் மட்டும் பாதிக்கப்படும். தண்டை விரலால் சுற்றிப் பார்த்தால் அந்தக் கோடு தெரியும், அதைப் பிடித்துக்கொண்டே கீழே போனால் எங்கே தொடங்கியது என்றும் தெரியும்.

இப்படி இரண்டு வகைக் கலங்கள் ஒரே செடியில் சேர்ந்து வாழ்வதைக் கைமேரா என்பார்கள். அந்தப் பெயரைத் தாவரத்துக்கு வைத்தவர் ஹான்ஸ் விங்க்லர் என்ற ஜேர்மனியர். 1907இல் அவர் தக்காளியையும் மணத்தக்காளியையும் ஒட்டுப்போட்டு, ஒட்டின இடத்தில் வெட்டிவிட்டு, அங்கிருந்து துளிர்த்து வந்த குருத்தைப் பார்த்தார். ஒரு பக்கம் தக்காளி இலை, மறுபக்கம் மணத்தக்காளி இலை. நம் வீட்டில் சுண்டிச் சாப்பிடும் அதே மணத்தக்காளிக் கீரைதான். இரண்டும் ஒரே குடும்பம் என்பதால்தான் ஒட்டிற்று.

என் நாற்றுத் தட்டில் சில நாற்றுகள் முழு வெள்ளையாக முளைத்து, கொஞ்ச நாளில் செத்துவிட்டன. இதுவும் இதேதானா?

இது பரம்பரையாக வந்தது. பச்சையமே இல்லாத நாற்று விதையில் இருந்த உணவு தீரும்வரை நிற்கும், பிறகு சாகும். காப்பாற்ற வழியில்லை. ஒரே பழத்து விதையில் நாலில் ஒரு பங்கு இப்படி வந்தால், தாய்ச்செடி ஒடுங்கிய விகாரம் (சோடியில் இரண்டிலும் இருந்தால் மட்டும் வெளியே தெரிவது) ஒன்றைத் தனக்குள் மறைத்து வைத்திருந்தது என்று அர்த்தம். மீதிப் பச்சை நாற்றுகளில் மூன்றில் இரண்டும் அதே குணத்தைச் சுமக்கும். சாப்பாட்டுக்குத் தாராளமாக வளர்க்கலாம். விதைக்கு மட்டும் எடுக்காதீர்கள்.

ஒரு கிளை என்றில்லை, முளைத்ததிலிருந்து செடி முழுக்க வெள்ளைச் சிதறல். இது என்ன?

அப்படியானால் விகாரம் விதையிலேயே இருந்திருக்கிறது. தக்காளியில் இதற்கு நன்கு ஆராயப்பட்ட உதாரணம் ‘கோஸ்ட்’ என்ற விகாரம். பச்சையவுருமணிக்குள் வேலை செய்யும் ஒரு நொதியம் அதில் இல்லை. அது இல்லாவிட்டால் பச்சையத்தைப் பாதுகாக்கும் கரோட்டினொயிட்டுகள் உருவாவதில்லை, வெளிச்சம் பட்டதும் பச்சையம் எரிந்துபோகிறது. கடும் வெளிச்சத்தில் வளர்த்தால் வெள்ளை கூடும், நிழலில் வளர்த்தால் பச்சை கூடும். பழமும் சிவக்காமல் மஞ்சளாகவே நின்றுவிடும். ஆகவே முழுச்செடியும் சிதறலாக இருந்தால் முதல் ஒரு மாதம் நிழல்வலைக்குக் கீழ் வையுங்கள். மூடுபனி நிறைந்த நம் ஊர் வெளிச்சம் இப்படிப்பட்ட செடிக்கு உண்மையில் ஒரு வரம்.

இன்னொன்று ‘சல்பியூரியா’. இதை ஆராய்ந்தவர் ருடோல்ப் ஹாகெமான் என்ற ஜேர்மனியர். மஞ்சளும் பச்சையுமாக இலை வரும். இதில் டி.என்.ஏ. எழுத்து மாறுவதில்லை, வேலை செய்யாமல் மௌனமாகிவிட்ட ஒரு பரம்பரையலகு தன் சோடியையும் வாயடைத்துவிடுகிறது, அந்த மௌனம் அடுத்த தலைமுறைக்கும் போகிறது. தானாக வந்த மாற்றம் எல்லாமே எழுத்துப்பிழை என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

வெள்ளைக் கிளையில் காய்க்கும் பழத்தைச் சாப்பிடலாமா?

சாப்பிடலாம். விஷம் எதுவும் இல்லை. காயிலும் வெளிர்க் கோடுகள் வரலாம். காய் குறைவாகவும் சிறிதாகவும் இருக்கும், ஏனென்றால் ஒளித்தொகுப்புச் செய்யும் பகுதி குறைந்துவிட்டது. முழு வெள்ளைக் கிளை தாய்ச்செடியின் பச்சைப் பகுதி தரும் உணவில்தான் வாழ்கிறது.

மற்றச் செடிகளுக்குத் தொற்றுமா?

விகாரம் தொற்றாது. கத்தரிக்கோல், பூச்சி, மண், எதன் வழியாகவும் போகாது. வைரஸால் வரும் வெளுப்பு மட்டும்தான் தொற்றும். அழகுக்கு வளர்க்கும் சில அபுட்டிலன் வகைகளில் உள்ள மஞ்சள் புள்ளிகூட வைரஸ் வேலைதான். ஒட்டுப்போட்டால் மறுசெடிக்கும் போய்விடும்.

விதை எடுத்தால் அடுத்த செடியும் இப்படி வருமா?

இந்தக் கேள்விக்கு 1909இலேயே ஜேர்மனியத் தாவரவியலாளர்கள் இரண்டு பேர் விடை தேடினார்கள். கார்ல் கொரென்ஸ் எடுத்துக்கொண்டது அந்திமந்தாரை. வெள்ளைக் கிளைப் பூவில் எந்தக் கிளையின் மகரந்தத்தைத் தடவினாலும் நாற்று வெள்ளையாகவே வந்தது. பச்சைக் கிளைப் பூவிலிருந்து பச்சை நாற்று. இரண்டும் கலந்த கிளையிலிருந்து மூன்று விதமும் வந்தன. அப்பா யார் என்பது பொருட்டாகவே இல்லை, அம்மாக் கிளையின் குணம்தான் போகிறது. அதே ஆண்டில் எர்வின் பௌர் ஜெரேனியத்தில் இருபக்கமிருந்தும் போவதைக் கண்டார். நுவரெலியாப் பக்கம் வாசற்படியில் தகரப் பேணியில் பூத்துக்கிடக்கும் ஜெரேனியம்தான் அது.

தக்காளி அந்திமந்தாரை வழி. பச்சையவுருமணி தாயிடமிருந்து, சூல் வழியாகத்தான் வருகிறது. ஆகவே உங்கள் செடியில் விகாரம் பச்சையவுருமணியில் என்றால், எந்தக் கிளையின் பழம் என்பதே முக்கியம். எல்லாப் பழத்தையும் ஒன்றாகப் பிழிந்துவிடாதீர்கள். கிளை கிளையாகப் பிரித்து, கூழை இரண்டு மூன்று நாள் புளிக்கவைத்து, கழுவி, நிழலில் உலர்த்தி, தனித்தனி உறையில் கிளையின் விவரம் எழுதி வையுங்கள். முழு வெள்ளைக் கிளையின் விதை பெரும்பாலும் சாகும் நாற்றைத்தான் தரும். கலந்த கிளையின் விதையில்தான் உங்கள் நம்பிக்கை.

அதற்கு முன் இலை ஓரத்தைப் பாருங்கள். மகரந்தமும் சூலும் இரண்டாம் படையிலிருந்து வருகின்றன என்றேன் அல்லவா? ஓரம் பச்சையாகவும் நடு மட்டும் வெள்ளையாகவும் இருந்தால் இரண்டாம் படை பச்சை. அந்தக் கிளையின் விதை எவ்வளவு போட்டாலும் சாதாரணச் செடிதான் வரும். விதைக்காகக் காத்திருந்து கிளையையும் இழந்துவிடாதீர்கள். வெட்டுத்துண்டு போடுங்கள்.

வெளிநாட்டில் விற்கும் ‘ஸ்பிளாஷ் ஒவ் கிரீம்’ போன்ற வகைகள் விதையிலேயே வெள்ளைச் சிதறலோடு வருகின்றன. ஆசைப்பட்டுத் தபாலில் வரவழைக்க நினைப்பவர்கள் கவனியுங்கள்: 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி விதை கொண்டுவர அனுமதி வேண்டும். தேவையில்லாத கெடுபிடி என்று இதை நினைக்காதீர்கள். 2014இல் இஸ்ரேலிலும் 2015இல் ஜோர்தானிலும் தென்பட்ட பழத்தைக் கபில நிறமாக்கிச் சுருக்கும் வைரஸ் விதையோடும் கையோடும் பயணம் செய்து பல நாடுகளுக்குப் போய்விட்டது. வெலிமடை மரக்கறிக்காரர்களின் பிழைப்போடு விளையாட வேண்டாம்.

வெட்டுத்துண்டு எப்படிப் போடுவது?

இலைக் கக்கத்தில் வரும் பக்கக் குருத்தை எடுங்கள். எந்தக் கக்கம் என்பதுதான் எல்லாம். பாதி பச்சை, பாதி வெள்ளை இலையின் கக்கத்திலிருந்து வருவது சிறந்தது. தண்டின் வெள்ளைக்கோடு நேராக அந்தக் கக்கத்தின் வழியே போனால் இன்னும் நல்லது. முழு வெள்ளைக் குருத்தை வெட்டி நட்டால் சாகும், அதற்குச் சமைக்கத் தெரியாது. முழுப் பச்சைக் குருத்தை நட்டால் சாதாரணத் தக்காளி வரும்.

10 முதல் 15 சென்ரிமீற்றர் நீளத்தில் வெட்டி, அடி இலைகளையும் பூவையும் கிள்ளிவிட்டு, தும்புத்தூளும் மணலும் கலந்து நிரப்பிய யோகட் கப்பில் நடுங்கள். கப்பின் அடியில் ஓட்டை போட மறக்க வேண்டாம். மேலே மெல்லிய பொலித்தீன் பையைக் கவிழ்த்து, வெயில் நேரே படாத வெளிச்சத்தில் வையுங்கள். பண்டாரவளை போன்ற மிதமான இடத்தில் இரண்டு கிழமைக்குள் வேர் விடும். நுவரெலியாக் குளிரில் மூன்று கிழமைகூட ஆகலாம். அடுப்படிச் சுவருக்கு வெளிப்பக்கம் வைத்தால் அந்தச் சூடு உதவும். ஒன்றை மட்டும் நம்பாமல் நாலைந்து போடுங்கள், ஏனென்றால் ஒரே கிளையின் குருத்துகளும் ஒரே மாதிரி வருவதில்லை.

அழகாக வந்த வெள்ளை, செடி வளர வளர மறைந்துவிட்டது. ஏன்?

பச்சைக் கலங்கள் வேகமாகப் பெருகும், வெள்ளைக் கலங்கள் பின்தங்கிவிடும். குருத்து நுனியில் பச்சைக் கலம் ஒன்று வெள்ளையின் இடத்தைப் பிடித்துவிட்டால் அதற்கு மேல் வருவது எல்லாம் பச்சைதான். கோலம் நன்றாக இருந்த கடைசி இலைக்கு மேலே வெட்டிவிடுங்கள். அதன் கக்கத்திலிருந்து வரும் குருத்தில் மறுபடி வெள்ளை வர வாய்ப்பு உண்டு. தனிப் பச்சைக் கிளைகளில் ஒன்றிரண்டை மட்டும் உணவுக்காக விட்டு மற்றவற்றைக் கிள்ளுங்கள். எல்லாவற்றையும் வெட்டினால் செடி பட்டினி கிடக்கும்.

பூ இரண்டு மூன்று சேர்ந்து ஒட்டிப் பெரிதாக வருகிறது, பழமும் கோணலாக இருக்கிறது. இதுவும் விகாரமா?

நம் ஊரில் பெரும்பாலும் குளிர்தான் காரணம். பூமொட்டு உருவாகும் நாட்களில் இரவு மிகவும் குளிர்ந்தால் பூக்கள் ஒட்டிக்கொள்ளும். பெரிய பழ வகைகளில் இது கூடுதல். அந்தப் பெரிய பழமே பழைய விகாரங்களின் பலன்தான். காட்டுத் தக்காளியின் பழத்தில் இரண்டே அறைகள், அவை கூடியதால்தான் இன்றைய கொழுத்த தக்காளி வந்தது. உருளைக்கிழங்கு இலை மாதிரி ஓரம் வெட்டில்லாத இலை, மஞ்சள் பழம் இவையும் பரம்பரை விகாரங்கள்தான். குட்டையாக வளர்ந்து தானே நின்றுவிடும் தக்காளி வகைகள் எல்லாவற்றுக்கும் மூலம் 1914இல் அமெரிக்காவின் புளோரிடாவில் தானாகத் தோன்றிய ஒரு செடி. யாரோ ஒருவர் அதைப் பிடுங்கி எறியாமல் விதை எடுத்தார்.

கடையில் வாங்கிய கலப்பின விதையின் பழத்திலிருந்து விதை எடுத்தேன். செடிக்குச் செடி வேறுமாதிரி. எல்லாம் விகாரமா?

இல்லை. முதல் தலைமுறைக் கலப்பினத்தின் விதை அப்படித்தான் பிரியும். விதை எடுத்து வைக்க விரும்பினால் விவசாயத் திணைக்களத்தின் ‘திலின’ போன்ற, கலப்பினமல்லாத வகையை நடுங்கள்.

யாரிடமாவது காட்ட வேண்டுமா?

காட்டினால் நல்லது. உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் இலையைப் பொலித்தீன் பையில் போட்டு எடுத்துப் போங்கள். வைரஸா இல்லையா என்ற சந்தேகத்தையாவது தீர்ப்பார். திணைக்களத்தின் 1920 என்ற தொலைபேசி இலக்கத்திலும் கேட்கலாம். இந்த நாட்டுப் பயிர்களின் விதைகளைச் சேமித்துவைக்கும் தாவரப் பிறப்புரிமை வள நிலையம் 1988 முதல் கன்னொறுவையில் இருக்கிறது. உலக அளவில் தக்காளி விகாரங்களைச் சேர்த்துவைப்பது கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்திலுள்ள நிலையம். தக்காளிக்காகவே வாழ்ந்த சார்ள்ஸ் ரிக்கின் பெயர் அதற்கு. அங்கிருக்கும் விகாரங்களில் பல, வயலில் யாரோ ஒருவர் கண்ணில் தற்செயலாகப் பட்டவைதான். நம் லயத்துப் பாத்திகளைத் தினமும் பார்க்கும் கண்கள் அதற்கு எந்த வகையிலும் குறைந்தவையல்ல.

அடுத்த பருவம்வரை செடியை எப்படி உயிரோடு வைப்பது?

தக்காளி இயல்பில் பல்லாண்டுச் செடி. குளிரும் நோயும்தான் அதை ஒரு பருவத்தில் முடிக்கின்றன. மழைக்காலக் கருகல் நோய் வருமுன்பே புதிய குருத்தை வெட்டி நட்டுவிடுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இளம் செடியிலிருந்து மறுபடி வெட்டி நட்டுக்கொண்டே போனால் கிளை தொடரும். உறைபனி விழும் மாதங்களில் கப்புகளை இரவில் வீட்டுக்குள் எடுத்து, பகலில் சன்னலருகே வைத்தால் போதும். தண்ணீரைக் குறைத்து ஊற்றுங்கள். அதோடு ஒரு செடியையாவது வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம் கொடுத்து வையுங்கள். உங்களிடம் இருப்பது பட்டுப்போனால் கேட்டு வாங்க ஓர் இடம் வேண்டும்.